நன்றி சொல்லக் கூடாத செடி

1

இந்தக் கதையை எனக்கு ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். கொடுத்தவள் பெயர் ஒலீட்டா ஸ்டிடம். எங்கள் சாலையின் மேல் கோடியில் இருப்பவள். தாளுக்குள் ஒரு ஆஸ்டர் செடியின் வேர்த்துண்டு இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டே அவள் கதையைச் சொன்னாள். செடி, கதை இரண்டுக்கும் நான் நன்றி சொல்லவில்லை.

சொல்லக் கூடாது. செடி கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் அந்தச் செடி பட்டுப்போகும் என்பது கென்டக்கி மலைப்பக்கத்து நம்பிக்கை. காசு கொடுக்கக் கூடாது. பதிலுக்கு ஒரு தக்காளிகூடக் கொடுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்க வேண்டும்.

தமிழில் புத்தகம் போடுகிறவர்களுக்கு இது பெரிய சிக்கல். முன்னுரையில் ஒரு பக்கம் நன்றி சொல்லாமல் நமக்குக் கை ஓடாது. அச்சகத்தில் மின்சாரம் போகாமல் இருந்ததற்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறோம். இந்தக் கதைக்கு அந்தப் பக்கம் கிடையாது.

(ஒரு வேடிக்கை. இந்த ஊருக்கு வந்த புதிதில் இவர்கள் சொல்லும் நன்றிகள் என்னைத் திணறடித்தன. கதவைப் பிடித்தால் நன்றி, மீதிச் சில்லறைக்கு நன்றி, நன்றி சொன்னதற்கே ஒரு நன்றி. நம் வீட்டில் அம்மா காபி கொண்டுவந்து வைத்தால் யார் நன்றி சொன்னோம்? சொல்லியிருந்தால் உடம்பு கிடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். அப்படி எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிற ஊர், ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் வாயைக் கட்டிக்கொள்கிறது. அந்த ஒன்றில்தான் ஒலீட்டா மாட்டிக்கொண்டாள்.)

2

எங்கே தொடங்குவது?

"அக்டோபர் வந்தால் மலைச்சரிவெல்லாம் ஊதா—" வேண்டாம். இது காலண்டர் படம்.

"ஒலீட்டாவின் மகன் லானி இறந்தபோது அவனுக்கு வயது—" வேண்டாம். வயதைச் சொன்னால் ஐயோ என்பீர்கள். பிறகு அந்த ஐயோவிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள், நான் மட்டும் தனியாகக் கதையை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

கெர்டாவின் கத்தரிக்கோலில் தொடங்குகிறேன்.

ஜூன் மாதம். கெர்டா ஹால்வர்சன் தன் முன்வாசல் செடிகளின் தலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒலீட்டாவின் கணவன் டென்வர், சுரங்கத் தூசியில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு நாற்காலியோடு நாற்காலியாக ஆனவன், பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா கெர்டா, நிலக்கரி லாரி போற ரோட்டோரமெல்லாம் சும்மா கெடக்குற களை இது. அதை நீங்க காசு குடுத்து வாங்கி நட்டீங்க. நல்லா வளர்ந்து வர்ற நேரத்துல தலையைச் சீவுறீங்க. உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா, இல்ல நீங்க மட்டும் ஸ்பெஷலா?"

"ஜூலை நாலாம் தேதிக்கு முன்னாடி வெட்டிட்டா புதர் மாதிரி கட்டுச்செட்டா நிக்கும், டென்வர். வெட்டலைன்னா பூக்குற நேரம் பார்த்துக் குடிகாரன் மாதிரி சாஞ்சிரும். அதுக்கப்புறம் வெட்டக் கூடாது. வெட்டினா மொட்டு போயிரும்."

"நானும்தான் சாயுறேன். என்னை யாரு வெட்டுறா?"

"உள்ள வா, நான் வெட்டுறேன்!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து ஒலீட்டா கத்தினாள். கெர்டா சிரித்தாள். அப்போது அவர்கள் சிரித்துக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார்கள். லானி அப்போது உயிரோடு இருந்தான்.

கெர்டா மினசோட்டாக்காரி. கணவனின் வேலைக்காக இங்கே வந்தவள், கணவன் போன பிறகும் தங்கிவிட்டாள். அவள் வாசலில் புல்லே கிடையாது. ஊதா ஆஸ்டர், நீலக் காட்டு ஆஸ்டர், பொடிப்பொடியாய் வெள்ளையாய்ப் பூக்கும் இன்னொன்று, எல்லாம் இந்த மண்ணுக்கே உரியவை. ஊரில் மற்றத் தோட்டங்கள் கருகிப்போன பிறகு, முதல் உறைபனிக்கு முன்னால் அவள் வாசல் மட்டும் எழுந்து நிற்கும். மெக்சிகோவுக்குப் போகிற மொனார்க் பட்டாம்பூச்சிகள் அங்கே இறங்கிக் குடித்துவிட்டுப் போகும். குளிர்காலத்தில் காய்ந்த தண்டுகளை அவள் எடுக்கவும் மாட்டாள். அடியில் சின்னப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழுக்கள் தூங்குமாம். ஊரார் அதைக் குப்பை வாசல் என்றார்கள், அக்டோபரில் மட்டும் வண்டியை மெதுவாக ஓட்டினார்கள்.

3

லானிக்கு வருவோம். தள்ளிப்போட்டது போதும்.

சுரங்கத்தில் முதுகில் அடிபட்டான். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. இந்தப் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்வதில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஒருவர் அப்படிப் போயிருக்கிறார்.

அடுத்த ஏப்ரலில் அடக்கம் நடந்தது. வழக்கம்போல ஊரே சாப்பாடு கொண்டுவந்தது. சுட்ட மக்ரோனி, கோழியும் சோறும், சோள ரொட்டி, ஆப்பிள் அடுக்குக் கேக். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய டேப்பில் கொடுத்தவர் பெயர் இருக்கும், திருப்பித் தர வசதியாக. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது, எதையாவது போட்டுத்தான் தர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் இவர்களும் நாமும் சொந்தக்காரர்கள்.

கெர்டா பாத்திரம் கொண்டுவரவில்லை. ஈரச் செய்தித்தாளில் ஒரு வேர்த்துண்டு கொண்டுவந்தாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது, ஒலீட்டா. இது ஊதா ஆஸ்டர். அக்டோபர்ல பூக்கும். லானி அக்டோபர்ல பொறந்தவன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு."*

ஒலீட்டா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கடித்து நிறுத்தினாள். திரும்பி உள்ளே போனாள். கெர்டா வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அன்று மாலையே மேட்டுக் கல்லறைக்குப் போய் லானியின் தலைமாட்டில் அதை நட்டாள். கோடை முழுக்கக் கேனில் தண்ணீர் சுமந்தாள். அக்டோபரில் அது பூத்தது. அவன் பிறந்தநாளன்று அவள் மேலே போனபோது ஊதாப் பூக்களின் மேல் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்து இறக்கையை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். வீட்டுக்கு வந்து, அந்த வருஷத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

பாத்திரங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. கெர்டாவுக்குத் திருப்ப எதுவுமில்லை. ஆண்டுதோறும் ஒலீட்டா பீன்ஸை வேகவைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பாள். கெர்டாவின் வாசலை மட்டும் தாண்டிப் போவாள். கொடுத்தால் அது செடிக்குக் கூலி கொடுத்தது போல ஆகிவிடும். மற்றவர்களுக்குக் கொடுப்பது அவளுக்குப் பழக்கம், கெர்டாவுக்குக் கொடுக்காமலிருப்பது விரதம். ஜாடிகளோடு அந்த வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், உலகத்தில் வேறு யாரையும் நினைக்காத அளவுக்கு அவள் கெர்டாவை நினைத்தாள்.

* அவர்கள் மொழியில் எதிரே இருப்பவருக்கு ஒரே சொல்தான். கெர்டாவும் ஒலீட்டாவும் "நீங்க" போட்டுக்கொண்டார்களா, "நீ" போட்டுக்கொண்டார்களா என்பது என் தலைவலி. வேலிக்கு இருபுறமும் பல வருஷம் இருந்தவர்கள். "நீ"க்கு எப்போது வந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தச் செடியைக் கொடுத்த அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

4

கெர்டாவை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் அவளைக் கொஞ்சம் அகம்பாவக்காரியாக எழுதினேன். அப்படி இருந்தால் ஒலீட்டாவின் மேல் பழி விழாது. ["நான் கொடுத்ததை மதிக்கத் தெரியாத ஜனங்கள் என்று கெர்டா உதட்டைச் சுழித்தாள்." அடித்துவிட்டேன். அவள் உதட்டைச் சுழிக்கிறவள் இல்லை.] அவள் வளர்ந்த ஊரில் சின்ன உபகாரத்துக்குக்கூட அட்டையில் நாலு வரி எழுதி அனுப்புவார்கள். அதனால் காத்திருந்தாள். அவ்வளவுதான். முதல் வாரம் தபால் பெட்டியைப் பார்த்தாள். மகனைப் பறிகொடுத்தவளுக்கு அட்டை எழுதவா தோன்றும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் ஜாடிகள் அவள் வாசலைத் தாண்டிப் போயின. அதற்கடுத்த வருஷமும்.

ஒருநாள் முடி வெட்டும் கடையில் அவள் சொன்னாள்: "எல்லார் வீட்டுக்கும் பீன்ஸ் போகுது. என் வீட்டைப் பார்த்தா மட்டும் அவ தலையைக் குனிஞ்சுக்கிறா. நான் என்ன தப்பு பண்ணேன்? ஒரு செடி குடுத்தேன். அதைக் குப்பையில போட்டிருப்பா. போட்டா போகட்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அந்தக் கடையில் காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஒலீட்டாவின் சமையலறைக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரறிந்த விஷயம் கெர்டாவுக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்பீர்கள்: போய் விஷயத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? டென்வரும் அதைத்தான் கேட்டான்.

"போய்ச் சொல்லு. எங்க ஊர்ல வாயால சொல்ல மாட்டோம், ஆனா மனசுல இருக்குன்னு சொல்லு."

"மனசுல என்ன இருக்குன்னு கேப்பா."

"நன்றின்னு சொல்லு."

"அதைத்தான் சொல்லக் கூடாதே, மடையா."

"சுத்தி வளைச்சுச் சொல்லேன்."

"சுத்தி வளைச்சுச் சொன்னாலும் சொன்னதுதான்."

டென்வருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒரு களைச்செடி, ஒலீட்டா. அதுக்குப் போயி."

"அது லானி மேல நிக்குது."



இதை நீ உண்மையாகவே நம்புகிறாயா என்று நானும் ஒலீட்டாவைக் கேட்டேன். "நம்பலை" என்றாள் பட்டென்று. "ஆனா அவன் செடியை வச்சுச் சோதிச்சுப் பார்க்க மாட்டேன். வேற எதை வேணா வச்சுச் சோதிக்கலாம்." இதைக் கேட்டபோது எனக்குப் பகுத்தறிவு பேசத் தோன்றியது. நல்லவேளை, பேசவில்லை. என் மகன் உயிரோடு இருக்கிறான். எனக்கு அதில் பேச என்ன உரிமை இருக்கிறது?

5

டென்வர் அவளுக்குத் தெரியாமல் வேலியோரம் போய்க் கெர்டாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

(இங்கேயே கதை முடிந்திருக்கலாம். ஒழுங்கான உலகத்தில் முடிந்திருக்கும். நான் இந்தப் பகுதியை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.)

கெர்டா வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். "அப்படின்னா செடி உயிரோட இருக்கா? அவன் பக்கத்துலயா நட்டா? கடவுளே, நான் என்னவெல்லாம் நினைச்சேன்!" டென்வர் பல மாதத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டதாகச் சொன்னான்.

மறுநாள் அவன் கையசைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடி சொன்னான். மறுபடி அதே சிரிப்பு, அதே கண்ணீர், அதே வார்த்தைகள். மறுநாள் மறுபடி அதே முகம். அப்போதும் அவனுக்குப் புரியவில்லை, இவளுக்கு என்ன திமிர் என்று நினைத்தான். புரிந்துகொண்டவள் ஒலீட்டா. ஆகஸ்ட் நடுவில் ஒரு காலையில், கெர்டா கத்தரிக்கோலோடு வாசலில் நின்று செடிகளின் தலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் அவற்றை வெட்டியிருந்தாள். ஜூலைக் கடைசியிலும் வெட்டியிருந்தாள். இது மூன்றாவது தடவை. சாயாமல் நிற்கட்டும் என்று பாத்தி பாத்தியாக, கவனமாக, அந்த வருஷத்தின் பூவையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தாள். டென்வர் சொன்னதையும் ஒலீட்டா அப்போதுதான் அவன் வாயிலிருந்து வாங்கினாள்.

மறதிக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. புதிதாக வந்ததை முதலில் தின்கிறது. பழைய மனத்தாங்கலைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்கிறது. கெர்டாவுக்கு அண்டை வீட்டார் பெயர்கள் போய்விட்டன, கணவன் இறந்தது போய்விட்டது, ஜூலை நாலாம் தேதி போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி நன்றி சொல்லாதது மட்டும் போகவில்லை.

ஒலீட்டா மினசோட்டாவில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள். மகள் மாதக் கடைசியில் வந்தாள். வீடு விற்பனைக்குப் போனது.

6

முடிவுகள்.

முதல் முடிவை நான் ஆசையாக எழுதினேன். ஒலீட்டா கெர்டாவின் கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப்போகிறாள். ஊதாப் பூக்கள். பட்டாம்பூச்சிகள். ஒரு வார்த்தை பேசாமல் விரலால் காட்டுகிறாள். கெர்டா புரிந்துகொள்— அழகாக இருந்தது, படித்துப் பார்த்து நானே அழுதேன், கிழித்துவிட்டேன். அது ஆகஸ்ட். லானியின் செடியில் பச்சை இலையைத் தவிர ஒன்றும் கிடையாது. கெர்டாவால் அந்த ஏற்றத்தை ஏறவும் முடியாது. அப்படியே ஏறி, பூவையே பார்த்திருந்தாலும், இறங்கி வருவதற்குள் மறந்திருப்பாள்.

நடந்தது இதுதான்.

கார் வாசலில் நின்றது. பின்சீட்டில் பெட்டிகள். முன்சீட்டில் கெர்டா, மடியில் கைப்பை, பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஒலீட்டா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். கெர்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பக்கத்து வீடு."

"ஆமா, கெர்டா."

"உனக்கு ஒரு செடி குடுத்தேன்."

"குடுத்தே."

"செத்துப்போச்சா?"

"இல்லை. நல்லா இருக்கு. உசரமா வளர்ந்திருக்கு. நீ சொன்ன மாதிரியே ஜூலைக்கு முன்னாடி வெட்டி விடுறேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை?" கெர்டாவின் குரல் சின்னப் பெண்ணின் குரல் போல உடைந்தது. "நான் அதை எவ்வளவு யோசிச்சுக் குடுத்தேன் தெரியுமா? உனக்குப் பிடிக்கலையா? அதையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மா, விடு. நேரமாச்சு" என்றாள் மகள், தலை நிமிராமல்.

ஒலீட்டா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் மனதில் ஓடியதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. சொன்னால், கெர்டா ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவாள். பாலம் வரைக்கும்தான் அந்த நன்றி அவளிடம் இருக்கும். சொல்லாவிட்டால், இந்தக் குறையைச் சாகும்வரை கையோடு வைத்திருப்பாள். பாலம் வரைக்கும் தாங்குகிற ஒரு சந்தோஷத்துக்காக லானியின் தலைமாட்டில் நிற்பதைப் பணயம் வைப்பதா? லானியின் தலைமாட்டில் அதை நட வைத்தவளை இப்படியே அனுப்புவதா?

மகள் சாவியைத் திருகினாள்.

ஒலீட்டா வாயைத் திறந்—

7

"சொன்னியா?" என்று கேட்டேன்.

ஒலீட்டா வேர்த்துண்டைச் சுற்றியிருந்த தாளின் மேல் இன்னொரு தாளைச் சுற்றினாள். இறுக்கமாகச் சுற்றினாள், குழந்தைக்குத் துணி சுற்றுவது போல.

அந்த அக்டோபரில் மேட்டில் செடி பூத்ததா என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பூத்தது என்றால், ஓஹோ, அவள் சொல்லவில்லை என்பீர்கள். பட்டுப்போனது என்றால், பாவம், சொல்லிவிட்டாள் என்பீர்கள். செடிகள் வறட்சியிலும் சாகும், முயல் கடித்தும் சாகும், ஒன்றுமே இல்லாமலும் சாகும் என்று நான் எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஒரு கதை படித்துவிட்டால் நாம் எல்லாரும் இந்த மலைக்காரர்கள்தான்.

கெர்டாவின் வாசலைப் பற்றி மட்டும் சொல்லலாம். அந்த அக்டோபரில் அங்கே வெட்டுப்பட்ட பச்சைத் தண்டுகள் மட்டும் நின்றன. மொனார்க்குகள் வந்தன. வழக்கமான இடத்தில் தாழ்ந்து வட்டமிட்டன. இறங்காமல் போயின. வீட்டை வாங்கியவர் வசந்தத்தில் எல்லாவற்றையும் உழுது புல் போட்டார். அதற்கு முந்தைய நாள் டென்வர் மூச்சு வாங்க வாங்க மண்வெட்டியோடு போய்க் கொஞ்சத்தைத் தோண்டி வந்துவிட்டான். அதனால் எனக்குக் கிடைத்த துண்டு கெர்டாவின் வாசலிலிருந்து வந்ததாக இருக்கலாம். மேட்டிலிருந்து பிரித்தெடுத்ததாகவும் இருக்கலாம்.

"இது எந்தச் செடி, ஒலீட்டா?"

"ஊதா. அக்டோபர்ல பூக்கும். போய் நடு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். இத்தனை வருஷம் இந்த ஊரில் பழகிய என் வாய், கதவைப் பிடித்தாலே திறந்துகொள்ளும் வாய், தானாகத் திறந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கார் ஜன்னலுக்கு வெளியே அவள் எப்படி நின்றிருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கெர்டா எங்கள் வாசல்களில் எத்தனை முறை இப்படி ஒரு முதுகைப் பார்த்தாளோ!

நட்டிருக்கிறேன். துளிர்த்திருக்கிறது.

இப்போது அதில் ஒரு துண்டை உங்களிடம் தருகிறேன். ஒலீட்டா கார் ஜன்னலில் நிற்கிறாள், வாய் பாதி திறந்திருக்கிறது. மீதியை உங்கள் மண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் முடித்தாலும் ஒருத்தி அழுதுகொண்டுதான் இருப்பாள், அதை மாற்ற என்னால் முடியவில்லை. உங்களால் முடிந்தால் நல்லது.

ஒன்றே ஒன்று. படித்து முடித்ததும் மரியாதைக்கு ஒரு வார்த்தை உங்கள் வாய்வரை வரும். என்னிடம் சொல்ல வேண்டும் போல இருக்கும். தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். அது லானியின் செடியாக இருந்தாலும் இருக்கும்.